கையைத் தூக்கினா நிறுத்திடுவாங்க

கண்ணைத் திறக்காத தங்கச்சி. இப்பத்தான சொட்டு விட்டுட்டுப் போயிருக்காங்க. நானும் மூடித்தான் இருக்கேன். உன் மூஞ்சி எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது, ஆனா நீ அழுறது தெரியுது. மூக்கை உறிஞ்சுற சத்தம் கேக்குல்லா. ஸ்டேஷன்ல கேட்டுக் கேட்டுப் பழகின சத்தம். நான் போலீஸ். மகளிர் ஸ்டேஷன்ல ஏட்டு. சண்முகக்கனின்னு பேரு. அழாத, அழுதா மருந்து வெளிய வந்திரும். பெறவு திரும்பவும் விடுவாங்க, திரும்பவும் எரியும்.

முத தடவையா? லேசரா? சர்க்கரையால வந்ததுதான? நினைச்சேன். எனக்கும் அதேதான். இன்னைக்கு எனக்கு இடது கண்ணு.

பயப்படாதன்னு நான் உனக்குச் சொல்ல மாட்டேன். அப்படிச் சொன்ன ஒரு ஆளாலதான் எனக்கு இவ்வளவும் வந்துச்சு. எனக்குப் பயம்னு இல்ல, கேட்டியா. எங்க வீட்டுக்காரருக்குத்தான் பயம். வாசல்ல டீ குடிக்கப் போயிருக்காரு. அவர் வர்றதுக்குள்ள உனக்கு எல்லாத்தையும் சொல்லிருதேன். அவர் இருந்தா நடுவுல நடுவுல திருத்துவாரு.

எனக்குச் சர்க்கரை வந்து பத்து வருசத்துக்கு மேல ஆச்சு. மாத்திரை தின்னேன். தின்னேன்னா, ஞாபகம் வந்தப்ப தின்னேன். எங்க வேலையில நேரத்துக்குச் சோறு ஏது? திருவிழா பந்தோபஸ்துன்னா பொட்டலத்துல புளிச்சோறு. மந்திரி வாராருன்னா ரோட்டுல நின்னுக்கிட்டே வடையும் டீயும். ஒரு நாள் புகார் ஒண்ணை இன்ஸ்பெக்டரம்மாவுக்குப் படிச்சுக் காட்டிக்கிட்டு இருக்கேன், வரி வளைஞ்சு வளைஞ்சு போகுது. எழுதினவன் கையெழுத்துச் சரியில்லன்னு அவனைத் திட்டினேன். அது கம்ப்யூட்டர்ல அடிச்ச புகாரு.

கண்ணாடி மாத்தணும்னு நினைச்சுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். இது இல்ல, வேற ஆஸ்பத்திரி, பேரு எதுக்கு. அங்க டாக்டர் பாத்துட்டு, கண்ணுக்குப் பின்னாடி திரை மாதிரி ஒண்ணு இருக்கு, சர்க்கரையால அதுல ரத்தக்குழாய் எல்லாம் கெட்டுப்போய், புதுசா நைஞ்ச குழாயா முளைக்குது, அது உடைஞ்சா பார்வை போயிரும், லேசர் வைக்கணும்னாரு. ரெண்டு கண்ணுக்கும். 'வெறும் வெளிச்சம்தாம்மா. ஊசி கிடையாது, கத்தி கிடையாது. ஒண்ணுமே தெரியாது, பயப்படாதீங்க'ன்னாரு. அதை நம்பி டூட்டியில இருந்து அப்படியே யூனிபாரத்தோட போனேன். எங்க வீட்டுக்காரரைக்கூடக் கூட்டிட்டுப் போகல. வெளிச்சத்துக்கு எதுக்குத் துணை?

அங்க ஒரு மிஷின். நாடியை ஒரு தட்டுல வைக்கச் சொன்னாங்க. நெத்தியை ஒரு பட்டையில ஒட்டி வைக்கச் சொன்னாங்க. மரத்துப்போற சொட்டு விட்டு, டாக்டர் இடது கண்ணு மேல கண்ணாடிக் கிண்ணி மாதிரி ஒண்ணை வச்சு அழுத்திக்கிட்டாரு. இமைக்க முடியாது. முதல்ல ஒண்ணும் இல்ல. பச்சையா ஒரு வெட்டு, டக். மறுபடி டக். இவ்வளவுதானான்னு இருந்தேன். அப்புறம் ஓரத்துக்குப் போனாரு பாரு. சொத்தைப் பல்லுக்குள்ள கம்பியை விட்டா எப்படி இருக்கும்? அது கண்ணுக்குள்ள. கண்ணுல இருந்து கிளம்பிப் பின்னாடி பொடதி வரைக்கும் போகுது. ஒண்ணு போய்ச் சேருறதுக்குள்ள அடுத்தது.

என்னையறியாம தலை பின்னுக்குப் போச்சு. பின்னாடி நின்ன பொண்ணு தலையைப் பிடிச்சு முன்னால தள்ளினா. 'ஆடாதீங்கம்மா! நடுவுல பட்டுட்டா பார்வையே போயிரும்'னு டாக்டர் சத்தம் போட்டாரு. அதுக்குப் பெறவு வலி ஒரு பக்கம், ஆடிருவமோன்னு ஒரு பக்கம். மூச்சு விடவே பயம். பயம்னு இல்ல, ஒரு இது. 'போலீஸ்காரம்மாதான, கொஞ்சம் தாங்கிக்கிடுங்க'ன்னாரு. அந்த ஒரு வார்த்தைக்குத்தான் நான் வாயைத் திறக்கல. சட்டை முதுகோட ஒட்டிப்போச்சு. தொடையில நகத்தை வச்சு அழுத்தி அழுத்தி, அந்த இடம் கன்னிப்போய்க் கிடந்துச்சு. ஒரு வழியா முடிஞ்சுது. பாத்ரூம்ல போய் வாந்தி எடுத்தேன். டாக்டர் கேட்டாரு, 'பரவால்லையாம்மா?' 'ஒண்ணும் இல்ல சார்'னேன். வீட்டுல எங்க வீட்டுக்காரர் கேட்டாரு. 'ஒண்ணும் இல்ல'ன்னேன்.

பாதிதான் முடிஞ்சிருக்கு, மீதியை அடுத்த வாரம் வச்சுக்கிடலாம்னு சொல்லித்தான் அனுப்பினாங்க. அடுத்த வாரம் பாரு, ஆடித் தபசு திருவிழா பந்தோபஸ்து. அதுக்கு அடுத்து ஒரு பொண்ணு காணாமப்போன கேசு. பெறவு இன்ஸ்பெக்டரம்மா லீவு. பெறவு எலெக்ஷன். டூட்டியை விட்டுட்டு எப்படிப் போக முடியும்? எங்க வீட்டுக்காரர் தினமும் கேப்பாரு, 'கனி, கண்ணுக்குப் போகணுமே'ன்னு. 'உங்களுக்கு டெப்போல பஸ்ஸுக்கு அடியில படுத்துக் கிடக்கிற வேலை, போட்டது போட்டபடி வந்திருவீங்க. எனக்கு அப்படியா?'ன்னு கத்துவேன். அவர் பஸ் மெக்கானிக். ராத்திரி தூக்கத்துல நான் 'ஆட மாட்டேன், ஆட மாட்டேன்'னு சொல்லுதேனாம். அவர் சொல்லுவாரு. நான் நம்பல. எலெக்ஷன் முடிஞ்சும் ஏன் போகலன்னு கேப்ப. அப்பவும் டூட்டி இருந்துச்சு.

என்ன, நீ மூக்கை உறிஞ்சுறதை நிறுத்திட்ட. கேட்டுக்கிட்டுதான இருக்க? சரி.

ஒரு நாள் காலையில குளிக்கப் போனா பாத்ரூம் சுவத்துல ஒட்டடை. வெளக்குமாத்தை எடுத்து அடிச்சேன். போகல. இந்தப் பக்கம் பாத்தா இந்தப் பக்கம் வருது, அந்தப் பக்கம் பாத்தா அந்தப் பக்கம். வலது கண்ணைப் பொத்தினேன். தண்ணிக்குள்ள மசியை ஊத்தினாப்புல கருப்பா இறங்கிக்கிட்டு இருக்கு. வலிக்கல. ஒரு துளி வலி கிடையாது. அதுதான்... அங்கனயே வாளியைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டேன். தண்ணி திறந்துகிடக்கு, நிரம்பி வழியுது, என்னால எந்திரிச்சு குழாயை மூட முடியல. அவர் வெளிய நின்னு, 'கனி, தண்ணி போகுது'ன்னு கூப்பிடுதாரு. 'குளிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்'னேன்.

சொல்லல. யாருகிட்டயும் சொல்லல. சொன்னா நேரா அந்த மிஷின் முன்னாடி கொண்டுபோய் உக்கார வச்சிருவாங்கல்லா. தானாச் சரியாகட்டும்னு இருந்தேன். இடது பக்கம் ஆளு வந்தா தெரியாது. ஸ்டேஷன்ல நாற்காலியை மாத்திப் போட்டு, இடது தோளைச் சுவத்தோட ஒட்டி உக்காந்தேன். ஸ்கூட்டியை எடுக்கல, ரிப்பேருன்னேன். அதுக்கும் அவர் வந்து நோண்டிப் பாத்துட்டு, 'நல்லாத்தான இருக்கு'ன்னாரு.

ஒரு ஞாயித்துக்கிழமை. சோறு வெந்து வடிக்கப் போறேன். பானை நிறையக் கொதிகஞ்சி. அவர் எனக்கு இடது பக்கம் நின்னு வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருந்திருக்காரு. இருந்திருக்காருன்னு பெறவுதான தெரியும்? எனக்கு அங்க ஒண்ணுமே இல்ல, வெறும் இருட்டு. பானையைச் சாய்ச்சேன். கஞ்சி அத்தனையும் அவர் கை மேல.

மனுசன் கத்தணும்லா? கத்தல தங்கச்சி. ஒரு சத்தம் மட்டும் வந்துச்சு, மூச்சு உள்ள போகுமே, அந்தச் சத்தம். நான் திரும்பிப் பாக்கேன், கை செவந்து ஆவி பறக்குது. அவர் கையைப் பாக்கல. என் மூஞ்சியைப் பாத்துக்கிட்டு நிக்காரு. 'கனி, உனக்கு இடது கண்ணு தெரியலையா?'ன்னு கேட்டாரு.

நான் தண்ணியை எடுத்து ஊத்தினேன். 'எத்தனை நாளா?'ன்னாரு. இன்னொரு செம்புத் தண்ணி ஊத்தினேன்.

மறுநாள் இங்க கூட்டிட்டு வந்தாரு. கையில கட்டோட அவர், பக்கத்துல நல்லா நடந்து வர்ற நான். வாசல்ல வாட்ச்மேன் அவரைத்தான் நோயாளின்னு நினைச்சான். இங்க ஒரு டாக்டரம்மா. சின்ன வயசுதான். பாத்தாங்க. இடது கண்ணு முழுக்க ரத்தம் நிக்குது, அது தெளியட்டும், இல்லன்னா ஆபரேஷன் யோசிப்போம்னாங்க. 'வலது கண்ணுலயும் குழாய் முளைச்சிருக்கு. இன்னைக்கே லேசர் வைக்கணும். இதைத் தள்ளிப் போட முடியாதும்மா'ன்னாங்க. பழைய ஆஸ்பத்திரிச் சீட்டைப் பாத்துட்டு, 'போன தடவை ஏன் பாதியில விட்டீங்க?'ன்னு கேட்டாங்க.

'டூட்டி'ன்னேன்.

உடனே இவர் குறுக்க விழுந்து, 'வலி டாக்டர். அவளுக்கு வலி தாங்கல. வாந்தி எடுத்திருக்கா. தூக்கத்துல கத்துதா. கேட்டா ஒண்ணும் இல்லம்பா'ன்னுட்டாரு. வாந்தி எடுத்தது இவருக்கு எப்படித் தெரியும்? சட்டையைத் துவைச்சவர் அவர்தான, அதை மறந்துட்டேன். எனக்கு வந்த கோவத்துக்கு அவரை லாக்கப்புல தூக்கிப் போட்டிருப்பேன்.

அந்த டாக்டரம்மா சிரிக்கல. என் பக்கம் திரும்பி உக்காந்தாங்க. 'அம்மா, சில பேருக்கு ஒண்ணும் தெரியாது. சில பேருக்கு உயிர் போற மாதிரி வலிக்கும். ஓரத்துல நரம்பு ஓடுற இடத்துல பட்டா கட்டாயம் வலிக்கும். ரெண்டும் நிஜம்தான். சொட்டு மருந்து மேலதான் மரக்கும், உள்ள எட்டாது. வலிக்குதுன்னு நீங்க சொன்னாத்தான் எங்களுக்கு வழி பண்ண முடியும்'னாங்க. கிட்னி எப்படி இருக்கு, வயித்துல புண்ணு இருக்கான்னு எல்லாம் கேட்டுட்டு, முன்கூட்டியே ஒரு வலி மாத்திரை தர்றேன்னாங்க. நீயாக் கடையில வாங்கிப் போட்டிராத, நம்ம சர்க்கரைக்காரங்களுக்குச் சில மாத்திரை கிட்னிக்கு ஆகாதாம். அப்புறம், வேகத்தைக் குறைச்சு வைப்போம், ஒவ்வொண்ணும் சட்டுனு முடியுற மாதிரி வைப்போம், ஒரே நாள்ல முடிக்காமப் பிரிச்சு வைப்போம், நீங்க கையைத் தூக்கினா நிறுத்திருவேன்னாங்க. 'அப்படியும் தாங்கலன்னா கண்ணுக்குப் பக்கத்துல ஒரு ஊசி போட்டு மரக்கப் பண்ணிரலாம்'னாங்க.

அது வரைக்கும் எல்லாத்துக்கும் தலையை ஆட்டிக்கிட்டு இருந்தேன். கண்ணுக்குப் பக்கத்துல ஊசின்னதும், 'பாத்ரூம் போயிட்டு வாரேன்'னு எந்திரிச்சேன்.

பாத்ரூமுக்குப் போகல. நேரா வாசல், வாசலைத் தாண்டி பஸ் ஸ்டாப். நின்ன பஸ்ஸுல ஏறி உக்காந்துட்டேன். அது எங்க போற பஸ்ஸுன்னுகூடப் பாக்கல. கம்பியைப் பிடிச்சிருந்த கை விரலு விறைச்சுப்போச்சு, பிரிக்க முடியல. நெஞ்சு அடிக்கிறது காதுல கேக்கு. நம்ம ஊருல எத்தனை வெட்டுக்குத்துப் பாத்திருக்கேன், பிணத்துக்குக் காவல் நின்னு பரோட்டா தின்னவ நான். அன்னைக்கு பஸ்ஸுல என்னமோ சர்க்கரை இறங்கிருச்சு போல. அதான் அப்படி.

அவர் தேடிக்கிட்டு வந்தாரு. டிரைவர்கிட்ட ஏதோ சொன்னாரு, டெப்போ ஆளுல்லா, பஸ் நின்னுச்சு. ஏறி வந்து என் இடது பக்கத்துல உக்காந்தாரு. வா, இறங்குன்னு சொல்லுவாரு, சண்டை போடலாம்னு இருக்கேன். கட்டுப் போட்ட கையை எடுத்து மடியில வச்சுக்கிட்டாரு. பெறவு, 'வேண்டாம்னா வேண்டாம் கனி. வீட்டுக்குப் போவோம். இனிமே நான் உனக்கு வலது பக்கமாவே நின்னுக்கிடுதேன்'னாரு.

நிசமாத்தான் சொன்னாரு. குத்திக் காட்டல. அந்த மனுசனுக்குக் குத்திக் காட்டத் தெரியாது. எந்திரிச்சு, என்னைத் தாண்டி வந்து, வலது பக்கம் சீட்டுல உக்காந்தாரு. நான் அவரைப் பாத்தேன். வலது கண்ணும் போனா இந்த மனுசன் எந்தப் பக்கம் வந்து நிப்பாருன்னு தோணுச்சு. அவ்வளவுதான் தங்கச்சி, வேற ஒண்ணும் தோணல. டிரைவர் ஆரன் அடிக்காரு. 'எந்திரிங்க, பஸ்காரன் எம்புட்டு நேரம் நிப்பான்'னேன். இறங்கிட்டோம்.

அவருக்காகத்தான் இறங்கினேன். இல்லன்னா மனுசன் அன்னைக்குச் சோறு தின்னிருக்க மாட்டாரு.

மாத்திரை போட்டு உக்கார வச்சாங்க. அப்புறம் உள்ள கூப்பிட்டாங்க. அதே நாடித் தட்டு, அதே பட்டை, அதே கிண்ணி. டாக்டரம்மா, 'கையை மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க. தலையை ஆட்டாதீங்க, கையைத் தூக்குங்க'ன்னாங்க. டக். டக். முந்தி மாதிரி இல்ல. வலி இருக்கு, ஆனா சுருக்கு சுருக்குன்னு போயிருது. தாங்கலாம். அப்புறம் ஓரம் வந்துச்சு. வந்துச்சு பாரு அந்தச் சொத்தைப் பல்லு வலி. கையைத் தூக்கினேன்.

நிறுத்திட்டாங்க.

உனக்குப் புரியாது, நிறுத்திட்டாங்க. ஏன்னு கேக்கல. போலீஸ்தானன்னு சொல்லல. கண்ணாடிக் கிண்ணியை எடுத்துட்டு, 'மூச்சு விடுங்க. தண்ணி வேணுமா?'ன்னாங்க. மறுபடி ஆரம்பிச்சாங்க, மறுபடி தூக்கினேன், மறுபடி நிறுத்தினாங்க. மூணாவது தடவை கையைத் தூக்கிக்கிட்டே, 'ஊசி போடுங்க டாக்டர்'னு நானே சொல்லிட்டேன். என் வாயில இருந்துதான் வந்துச்சு.

அப்பதான் அவங்க சொன்னாங்க, 'ஊசி போட்டா இந்தக் கண்ணைக் கட்டி வைக்கணும். சாயங்காலம் வரைக்கும் தெரியாது. உங்களுக்கு அந்தக் கண்ணும் இப்போ தெரியல. யோசிச்சுச் சொல்லுங்க'ன்னு. வெளிய போய் அவரைக் கூட்டிட்டு வந்து, அவருக்கும் சொன்னாங்க. அவர் மூஞ்சி வெளிறிப்போச்சு. 'நான் இருக்கேன்'னாரு, அவ்வளவுதான்.

ஊசியைப் பத்திப் பொய் சொல்ல மாட்டேன். கண்ணுக்குக் கீழ ஒரு குத்து, அப்புறம் யாரோ கட்டைவிரலை வச்சு உள்ள அழுத்துற மாதிரி. எண்ணிக்கிட்டே இருந்தா முடிஞ்சிருது. பெறவு அந்தக் கண்ணு என்னுது இல்ல. இமை தொங்கிப்போச்சு. பச்சை வெளிச்சம் மங்கலா வந்துக்கிட்டே இருக்கு, டக் டக்னு சத்தம் கேக்கு, வலி மட்டும் இல்ல. ஆனா ஒண்ணு சொல்லுதேன். வலி போச்சே தவிர நெஞ்சு அடிக்கிறது நிக்கல. அது கடைசி வரைக்கும் அடிச்சுக்கிட்டுத்தான் கிடந்துச்சு.

கட்டுப் போட்டு வெளிய கூட்டிட்டு வந்தாங்க. அன்னைக்கு நான் பாத்தேன் தங்கச்சி, ஒண்ணுமே தெரியாம இருக்கிறதுன்னா என்னன்னு. பஸ்ஸு வர்ற சத்தம் கேக்கும், எவ்வளவு பக்கத்துலன்னு தெரியாது. யாரோ இடிச்சுட்டுப் போவான், ஆம்பளையா பொம்பளையான்னு தெரியாது. இப்படியே நின்னுருமோ, கட்டை அவுத்தாலும் இப்படியே இருக்குமோன்னு அவர்கிட்ட கேட்டுக்கிட்டே வந்தேன். அவர் சட்டைக் காலரைப் பிடிச்ச கையை நான் விடல. வீட்டு வாசப்படி எங்க வீட்டு வாசப்படின்னு தெரியாமத் தடவினேன். சாப்பாட்டை அவர்தான் பிசைஞ்சு குடுத்தாரு, அந்தக் கட்டுப் போடாத கையால. ரேடியோவைப் போட்டாரு, நிறுத்தச் சொன்னேன். நிறுத்தினா வீடு காலியா இருக்கிற மாதிரி இருந்துச்சு, மறுபடி போடச் சொன்னேன். 'இருக்கீங்களா, இருக்கீங்களா'ன்னு கேட்டுக்கிட்டே கிடந்தேன். அவர் பாவம், 'இருக்கேன், இருக்கேன்'னு.

சாயங்காலம் டாக்டரம்மா சொன்ன நேரத்துக்குக் கட்டை அவுத்தாரு. முதல்ல பனி மாதிரி. ரெண்டு ரெண்டாத் தெரியுது. பெறவு கொஞ்சம் கொஞ்சமா அவர் மூஞ்சி. சவரம் பண்ணாம, கண்ணெல்லாம் செவந்து. அழுதிருக்காரு. நான் சொன்னேன்லா, பயந்த ஆளுன்னு.

வலது கண்ணு தப்பிச்சுட்டு. இன்னும் ரெண்டு தடவை பிரிச்சு வச்சாங்க, ஒரு தடவை ஊசியில்லாமயே முடிஞ்சுது, ஒரு தடவை ஊசி கேட்டேன். இருட்டுல இப்பக் கொஞ்சம் தடுமாறும், ராத்திரி ரோந்து கிடையாது, ஸ்டேஷன்ல உக்காந்து எழுதுற ரைட்டர் வேலைக்கு மாத்திட்டாங்க. இடது கண்ணுல ரத்தம் தானாவே கீழ இறங்கித் தெளிஞ்சுது. முழுசா இல்ல. கலங்கின தண்ணி வழியாப் பாக்கிற மாதிரி. ஆளு நிக்குதுன்னு தெரியும், யாருன்னு தெரியாது. அன்னைக்குப் பாதியில விட்டுட்டு வந்தேன்லா, அந்த மீதிதான் இன்னைக்கு. அந்தப் பழைய டாக்டர் மட்டும் ஒழுங்கா இருந்திருந்தா, எனக்கும் அந்த எலெக்ஷன் டூட்டி வராம இருந்திருந்தா, இந்தக் கண்ணும் நல்லா இருந்திருக்கும். டாக்டரம்மா அப்படிச் சொல்லல. நான் சொல்லுதேன்.

அதனால உள்ள போனதும் சொல்லிரு. வலிச்சா வலிக்குதுன்னு சொல்லு. இவங்க கேக்காங்க. தலையை மட்டும் ஆட்டிராத. கையைத் தூக்கு.

என்னது, என்னைக் கூப்பிடுதாங்களா? சண்முகக்கனின்னா சொன்னாங்க? இப்பவா? நம்ம முன்னாடி இன்னும் ரெண்டு பேரு இருந்தாங்களே. வாரேன் சிஸ்டர், வாரேன். கொஞ்சம் இருங்க. எங்க வீட்டுக்காரர் வரட்டும். டீ குடிக்க இம்புட்டு நேரமா? ஆ, வந்துட்டாரு. எங்க போனீங்க?

இல்ல சிஸ்டர், இவரும் உள்ள வருவாரு. டாக்டரம்மாகிட்ட முன்னமே கேட்டாச்சு. ஸ்டூலு போட்டுப் பக்கத்துல உக்காந்துக்கிடுவாரு. தப்பா நினைக்காத தங்கச்சி, தனியா வெளிய உக்கார வச்சா இவருக்குத் தாங்காது, அதான் கூடவே வச்சுக்கிடுதேன். ஏங்க, கையைக் குடுங்க. பாத்தீங்களா சிஸ்டர், எப்படி நடுங்குதுன்னு.

என் கையா? இல்ல சிஸ்டர். அது அவர் கை.